ஏரியைப் பார்க்க வந்தவர்

சேலைக்குக் கீழே வெள்ளை கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு ஒரு பெண் ஜி.எஸ்.டி. சாலையில் பஸ்ஸுக்கு நின்றால் என்னவெல்லாம் பேசுவார்களோ, அதையெல்லாம் எங்கள் காம்பவுண்டு பேசியது. நானும் பேசினேன், மறைப்பானேன். இரும்புலியூரில் அவர் கீழ் வீடு, நான் மேல் வீடு. மாதம் தவறாமல் இரண்டாம் சனிக்கிழமை காலை ஆறரைக்குக் கீழே கேட் திறக்கும் சத்தம் கேட்கும். கையில் கறுப்புக் குடை, தோளில் துணிப்பை, காலில் அந்த ஷூ. சாயங்காலம் முழங்கால் வரைக்கும் சேறும் புழுதியுமாகத் திரும்புவார். "சர்ச்சுல ஏதாவது மீட்டிங்கா இருக்கும்" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. "இவ்வளவு சேத்தோட எந்தச் சர்ச்சுல உள்ள விடறாங்க?" என்று கேட்டு அவளைச் சிரிக்கவைத்தவள் நான்தான்.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எங்கே கையெழுத்துப் போட்டாலும் இனிஷியல், ஊர், தேதி எல்லாம் சேர்த்து முழுசாகப் போடுகிறவர். நான் பாதியாக எழுதினால் அவருக்குப் பொறுக்காது. முழுசாக எழுத எனக்குத் தைரியமில்லை.

எனக்குச் சர்க்கரை வந்த வருஷம் அது. டாக்டர் நடக்கச் சொன்னார். மாடிப்படியில் நின்று இதை யாரிடமோ புலம்பிக்கொண்டிருந்தபோது கீழ் வீட்டு ஜன்னலிலிருந்து குரல் வந்தது. "சனிக்கிழமை ஆறரைக்கு ரெடியா இருங்க. தண்ணி பாட்டில் எடுத்துக்குங்க. செருப்பு வேண்டாம், ஷூ." அழைப்பா உத்தரவா என்றே விளங்கவில்லை. அப்போது எனக்கு முப்பத்தெட்டு, அவருக்கு என்னைவிட எட்டு வயது கூட இருக்கும். நான் ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை பார்த்தேன். எங்களுக்கும் இரண்டாம் சனி விடுமுறை என்பது அவருக்குத் தெரியும். சாக்குச் சொல்ல வழியில்லாமல் போனேன், செருப்போடு.

பெருங்களத்தூர் வரை ஒரு பஸ். இறங்கி, ரயில்வே கேட் திறக்கும்வரை நின்று, தண்டவாளம் தாண்டி உள்ளே போகும் இன்னொரு பஸ். மணிக்கு ஒன்று வந்தால் அது நம் அதிர்ஷ்டம். அதில் போனால் ஒரு ஏரி. அதன் பெயரும் வேண்டாம், இன்றைக்கும் அங்கே ஆட்கள் குடியிருக்கிறார்கள். கண்டக்டர் வந்தார்.

"எங்கம்மா?"

"ஏரிக்கரை ஸ்டாப், ரெண்டு."

"அங்க ஒண்ணுமே இல்லியேம்மா. யாரைப் பாக்கப் போறீங்கோ?"

"ஏரியை."

கண்டக்டர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

"சரி, திரும்பி எங்க ஏறுவீங்கோ?"

"அடுத்த ஸ்டாப்புல. சாயங்காலம் மூணு மணிக்கு."

"இன்னாம்மா இது, ரெண்டு நிமிசத்துல போற ஸ்டாப்பு. பேஜார் புடிச்ச வேலையா கீதே!"

"உங்க பஸ்ஸுக்கு ரெண்டு நிமிஷம். எங்களுக்கு ஏழு மணி நேரம் ஆகும்" என்று சொல்லிச் சில்லறையை எண்ணிக் கொடுத்தார். பஸ் முழுவதும் திரும்பிப் பார்த்தது. எனக்கு அப்படியே இறங்கி ஓடிவிடலாம் போலிருந்தது.

விஷயம் இதுதான். ஏரிக்கரை ஸ்டாப்பில் இறங்கினால் கரை தொடங்கும். கரை மேலேயே நடந்து, மதகைத் தாண்டி, ஏரி நிரம்பினால் தண்ணீர் வழியும் கலங்கலுக்குப் போக வேண்டும். அங்கே சாப்பாடு. பிறகு மறுகரை: கொஞ்சம் வயல், நிறைய கருவேலம், ஒரு பாறைக் குன்று. அதைச் சுற்றி வந்தால் அதே சாலையில் அடுத்த ஸ்டாப்புக்குப் பக்கத்தில் ஏறலாம். இப்படி ஒரு சுற்று வந்தால்தான் அவருக்கு அது போய்வந்த கணக்கு. இயற்கை ரசிகர் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு பறவையின் பெயரும் அவருக்குத் தெரியாது. "கறுப்பு வந்திருக்கு", "நீள மூக்கு வந்திருக்கு", "அந்தக் கத்துற ஜாதி இன்னும் வரலை" என்பார், அவ்வளவுதான். சாப்பாடு என்றால் தேங்காய்ச் சட்னி தடவிய பிரெட், அந்த பிரெட் வந்த காகிதத்திலேயே சுற்றியது. நான் புளிசாதம் கொண்டுபோனேன். அவர் அதை வேண்டாம் என்று சொன்னதில்லை.

மழைக்காலத்தில் ஒரு தடவை மறுகரையில் வாய்க்கால் பெருகி இடுப்பளவு ஓடிக்கொண்டிருந்தது. நான் கெஞ்சினேன். "அக்கா, வந்த வழியே போயிடலாம். யாரு கேக்கப்போறா?" அவர் ஷூவைக் கழற்றி, இரண்டு கயிற்றையும் சேர்த்து முடிந்து கழுத்தில் மாட்டிக்கொண்டார். "வந்த வழியே போனா பாதி ஏரியைத்தான் பார்த்திருப்போம். யாரும் எட்டிப் பார்க்காத பக்கத்தைத்தான் இவங்க முதல்ல மூடுவாங்க" என்றபடி சேலையைத் தூக்கிச் செருகி இறங்கிவிட்டார். குடையை நீட்டி என்னையும் இழுத்துக்கொண்டார். நான் அழுதுகொண்டே கடந்தேன். ஒரு செருப்பு போய்விட்டது. மிச்ச தூரம் ஒற்றைச் செருப்போடு நடந்தேன், அவர் ஒரு வார்த்தை அனுதாபம் சொல்லவில்லை. மறுநாளே தாம்பரம் மார்க்கெட்டில் ஷூ வாங்கினேன்.

"இவங்க" என்று அவர் சொன்னது லாரிக்காரர்களை. மறுகரையில் கட்டட இடிபாடுகளைக் கொண்டுவந்து தண்ணீரில் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அதை நானும் பார்த்தேன். ஒரு நாள் எங்கள் கண்ணெதிரே லாரி ஒன்று பின்பக்கமாக வந்து நின்றது. அவர் நேராகப் போய், லாரிக்கும் ஏரிக்கும் நடுவில் குடையை விரித்து உட்கார்ந்து, பிரெட் காகிதத்தைப் பிரித்தார். நான் ஒரு கருவேல மரத்துக்குப் பின்னால் இருந்தேன். நிழலுக்காக ஒதுங்கினேன் என்று அன்றைக்குச் சொல்லிக்கொண்டேன். கருவேல மரத்துக்கு ஏது நிழல்?

"யம்மா, நவுரும்மா. கொட்டணும்" என்றார் டிரைவர்.

"சாப்பிட்டுக்கிட்டிருக்கேன்."

"எவ்ளோ நேரம் துன்னுவீங்கோ?"

"மெதுவாத்தான் சாப்பிடுவேன். எனக்கு அவசரம் இல்லை."

நாலு துண்டு பிரெட்டை அன்றைக்கு ஒரு மணி நேரம் சாப்பிட்டார். லாரி போய்விட்டது. அடுத்த நாள் வந்து கொட்டியிருப்பார்கள், அது அவருக்கும் தெரியும். "கொட்டட்டும். இன்னைக்குக் கொட்டலை இல்ல?" என்றார்.

அலுவலகத்திலும் இதே கதைதான். சைதாப்பேட்டையில் ஓர் அரசு அலுவலகத்தில் தபால் பிரிவு அவருடையது. வருகிற ஒவ்வொரு காகிதத்துக்கும் நம்பர் போட்டு, தேதி முத்திரை குத்தி, நோட்டில் ஏற்ற வேண்டும். தாமதமாக வந்த ஒரு கடிதத்துக்கு மூன்று நாள் முந்தின தேதி போடச் சொல்லி மேலதிகாரி ஒருவர் கேட்டிருக்கிறார். "முத்திரையில இன்னைக்குத் தேதிதான் இருக்கு சார்" என்று இவர் சொல்ல, "அதைத் திருப்பத் தெரியாதா?" என்று அவர் கேட்க, "தெரியும் சார்" என்று சொல்லிவிட்டு இவர் அடுத்த கடிதத்தை எடுத்துவிட்டார். பழைய கோப்புகள் கிடக்கும் அறைக்கு மூன்று மாதம் தூக்கிப் போட்டார்கள். ஃபேன்கூடக் கிடையாதாம். எலக்ட்ரிக் டிரெயினில் வரும்போது அவரோடு வேலை பார்த்த ஒரு பெண் இதை எனக்குச் சொன்னாள். அவராகச் சொல்லவில்லை.

அப்புறம் அடுக்குமாடி பிளாட்டுகள் வந்தன. அந்த வருஷங்களில் தாம்பரத்துக்குத் தெற்கே எங்கே பார்த்தாலும் பிளாட்டுதான். எங்கள் ஏரிக்கரையில் எழும்பியதற்கு, ஜன்னலைத் திறந்தால் ஏரி என்று பெரிய விளம்பரப் பலகை. அந்த ஏரிக்குப் போகிற கரை தொடங்கும் இடத்தில் ஓர் இரும்பு கேட், பக்கத்தில் ஒரு தகரக் கூண்டு, கூண்டுக்குள் ஒரு செக்யூரிட்டி. பம்மலில் தோல் பதனிடும் ஷெட்டு மூடினதால் வேலை போய் இங்கே வந்தவர். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்று ஒரு நீள நோட்டை நீட்டினார்.

"இதுல எழுதாம யாரையும் உள்ள வுடக் கூடாதுன்னு ஆர்டர் கீதும்மா."

"எழுதினா விடலாமா?" என்று கேட்டார் அவர்.

செக்யூரிட்டி யோசித்தார். "எழுதாதவங்களை வுடாதேன்னு சொல்லிக்கிறாங்கோ. எழுதினவங்களை இன்னா செய்யணும்னு சொல்லல."

அவர் பேனாவை எடுத்தார். தேதி, பெயர் (முழுசாக, ஊரோடு), அடுத்து 'யாரைப் பார்க்க' என்று ஒரு கட்டம். அதில் 'ஏரி' என்று எழுதினார். பிளாட் நம்பர்: இல்லை. உள்ளே வந்த நேரம்: எட்டு பத்து. வெளியே போகும் நேரத்துக்கான கட்டத்தைக் காலியாக விட்டார். "அது நான் போகும்போது எழுதணும். நான் இந்தப் பக்கமா போகமாட்டேன்" என்றார். அவருக்குக் கீழே மற்ற எல்லாக் கட்டத்திலும் நான் 'மேற்படி' என்று போட்டேன். பெயரை மட்டும் எழுதினேன். எனக்கு அது சௌகரியமாக இருந்தது.

அடுத்த மாதம் செக்யூரிட்டி நோட்டைக் காட்டிச் சிரித்தார். "ரவுண்டு மேடம், நீங்கோ போன மாசம் உள்ள போனதுதான். நோட்டுப்படி இன்னும் உள்ளதான் கீறீங்கோ."

"சரியாத்தான் எழுதியிருக்கீங்க" என்றார் அவர். அதிலிருந்து அங்கே அவருக்கு ரவுண்டு மேடம் என்றே பெயர். இரண்டரை வருஷம் இப்படிப் போயிற்று. மாதா மாதம் 'ஏரி', கீழே 'மேற்படி'.

இனிமேல் எழுதப்போவதுதான் எனக்குக் கஷ்டமானது. ஒரு இரண்டாம் சனியன்று சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்கு அவர் போகவேண்டி வந்தது. முந்தின நாள் என் கதவைத் தட்டினார். "நீங்க போயிட்டு வந்துடுங்க. ஒரு மாசம் விடக் கூடாது." போனேன். கூண்டுக்கு வெளியே செக்யூரிட்டியோடு பிளாட் கம்பெனி மேனேஜர் நின்றிருந்தார். டை கட்டியவர், இரண்டு செல்போன் வைத்திருந்தவர். "எந்த பிளாட் மேடம்?" என்று கேட்டார். மேற்படி போட மேலே அவர் எழுதிய வரி இல்லை. யாரைப் பார்க்க என்ற கட்டத்தில் பேனா நின்றது. ஏரி என்று எழுதினால் சிரிப்பாரோ, திருப்பி அனுப்புவாரோ என்று தோன்றியது. எதிரே சுவரில் தெரிந்த நம்பரைப் பார்த்து 'பி-204, உறவினர்' என்று எழுதினேன். "வெல்கம் மேடம்" என்று மேனேஜர் கேட்டைத் திறந்துவிட்டார். சுற்றி முடித்துத்தான் வந்தேன். ஆனால் எழுதியதை அவரிடம் சொல்லவில்லை. தண்ணீர் நிறைய இருந்தது என்று மட்டும் சொன்னேன்.

நாலு மாதம் கழித்துக் கேட்டில் பூட்டு தொங்கியது. 'தனியார் வழி' என்று பலகை. மதகு, கலங்கல், கரை எல்லாம் பூட்டுக்கு அந்தப் பக்கம். எங்களோடு அன்று மாடு ஓட்டிக்கொண்டு வந்த ஒருவரும் நின்றார். அவர் வைதுவிட்டு மாட்டைத் திருப்பினார். ரவுண்டு மேடம் திரும்பவில்லை. மூன்று மணி வரை அந்தக் கேட்டுக்கு முன்னால் குடையை விரித்து உட்கார்ந்துவிட்டு, அடுத்த ஸ்டாப்புக்கு நடந்துபோய்த்தான் பஸ் ஏறினார். திங்கட்கிழமை மனு டைப் ஆகிவிட்டது.

தாலுகா அலுவலகத்தில் விசாரணை வைத்தார்கள். அவர், நான், டை கட்டிய மேனேஜர், விசாரணை அதிகாரி. மேனேஜர் மூன்று நீள நோட்டுகளை மேஜைமேல் அடுக்கினார்.

"சார், அது எங்க பிரைவேட் ரோடு. பப்ளிக் யாரும் அதை யூஸ் பண்ணதே இல்ல. உள்ள வர்றவங்க எல்லாம் எங்க ரெசிடென்ட்ஸோட கெஸ்ட். பாருங்க, ரெஜிஸ்டர் பக்காவா மெயின்டெயின் பண்றோம்."

ரவுண்டு மேடம் முகத்தில் ஒரு சின்ன ஒளி வந்ததைப் பார்த்தேன். முப்பது வருஷம் நோட்டில் ஏற்றியே வாழ்ந்தவருக்கு அந்த மேனேஜர் என்ன செய்துவிட்டார் என்று உடனே புரிந்துவிட்டது. நோட்டுப் போடச் சொன்னவர்கள் ஒரு நாள்கூட அதைப் படித்துப் பார்க்கவில்லை.

"சார், இரண்டாம் சனிக்கிழமை மட்டும் புரட்டிப் பாருங்க" என்றார்.

அதிகாரி புரட்டினார். வாய்விட்டுப் படித்தார். "யாரைப் பார்க்க... ஏரி. பிளாட் நம்பர்... இல்லை." இன்னும் சில பக்கம். "ஏரி. இல்லை." அடுத்த நோட்டு. "ஏரி." கடைசியில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. மேனேஜர் நோட்டைப் பிடுங்காத குறையாக வாங்கிப் பக்கங்களை வேகமாகத் தள்ளினார். ஒரு பக்கத்தில் விரல் நின்றது.

"சார், இதைப் பாருங்க. இதோ இருக்காங்களே, இந்த மேடம், இவங்களே எழுதியிருக்காங்க. பி-204, உறவினர். கெஸ்ட்டாத்தான் வந்திருக்காங்க. இப்ப வந்து பப்ளிக்னு சொல்றாங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவரும் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். அவருக்கு முதலில் புரியவே இல்லை. அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன்.

"அந்த பிளாட்ல உங்களுக்கு யாரும்மா?" என்று கேட்டார் அதிகாரி.

ஒரு பொய்யோடு இன்னொரு பொய்யைச் சேர்த்துவிடலாமா என்று மனசு போனது. பக்கத்தில் வெள்ளை ஷூ தெரிந்தது. விசாரணைக்கும் அதையேதான் போட்டு வந்திருந்தார்.

"யாரும் இல்ல சார். அதுல யாரு இருக்காங்கன்னே தெரியாது. இவர் கேட்டுல நின்னு எந்த பிளாட்னு கேட்டார். ஏரின்னு எழுதினா விடமாட்டாரோன்னு பயந்து பொய் எழுதிட்டேன். நான் ஏரியைப் பார்க்கத்தான் போனேன்."

ரவுண்டு மேடம் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"சார், இதையும் வாக்குமூலத்துல சேர்த்துக்குங்க. ஏரிக்குப் போறவங்க அந்தக் கேட்டுல பொய் சொல்லிட்டுத்தான் போக வேண்டியிருக்குன்னு. அப்படியே எழுதுங்க, அவங்க சொன்ன வார்த்தையிலேயே. கீழ அவங்க கையெழுத்துப் போடுவாங்க."

போட்டேன். இனிஷியல், ஊர், தேதியோடு முழுசாகப் போட்டேன்.

திரும்பி வந்து இரும்புலியூரில் இறங்கிக் காம்பவுண்டுக்குள் நுழையும்போது அவர் சொன்னார். "மூணு நோட்டுல ஒரே ஒரு பொய். அது உங்களோடது." நான் தெரியும் என்றேன். அவர் கதவைச் சாத்திக்கொண்டார். அன்றைக்கு இரவு, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுதேன். ஆனால் அடுத்த இரண்டாம் சனி ஆறரைக்குக் கீழேயிருந்து குரல் வந்தது. "ஷூ போட்டாச்சா இல்லையா? பஸ் போயிடும்."

உத்தரவு வந்தது. கேட் இருக்கலாம், விடிந்ததிலிருந்து இருட்டும்வரை பூட்டக் கூடாது, நடந்து போகிறவரைத் தடுக்கக் கூடாது என்று. கேட் இருந்தால் நோட்டும் இருக்கும் என்றார் மேனேஜர் முறைப்பாக. "கட்டாயம் இருக்கணும். எடுத்துடாதீங்க" என்றார் அவர்.

மறுவருஷம் அவருக்குத் திருநெல்வேலிப் பக்கம் மாற்றல் வந்தது. மனுவால் வந்த வினை என்று காம்பவுண்டு பேசியது. உண்மையா என்று எனக்குத் தெரியாது. பெட்டி கட்டும்போது, "அங்க போய் என்னக்கா செய்வீங்க?" என்று கேட்டேன். "அங்க ஏரியைக் குளம்னு சொல்லுவாங்க. சுத்தி வர்றதுக்குப் பேரு எதுவா இருந்தா என்ன?" என்றார். அந்த மாதமும் ஏரியைச் சுற்றி முடித்துவிட்டுத்தான் ஊருக்குக் கிளம்பினார். விலாசம் கொடுத்தார். இரண்டு கடிதம் எழுதினேன். இரண்டுக்கும் பதில் வந்தது, மேலே நம்பர் போட்டு.

அவர் போன பிறகு வந்த முதல் இரண்டாம் சனி. தனியாகப் பெருங்களத்தூரில் பஸ் மாறி, கண்டக்டரிடம் ஏரி என்று சொல்லி, கேட்டில் போய் நின்றேன். அதே பம்மல்காரர்தான். எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"ரவுண்டு மேடம் வரலியா?"

"மாத்தலாகிப் போயிட்டாங்க."

அவர் நம்பாதவர்போல நோட்டைப் புரட்டி, போன மாதப் பக்கத்தில் விரலை வைத்தார். வெளியே என்ற கட்டம் காலியாக இருந்தது. "நோட்டுல அப்டி இல்லியே. உள்ளதான் கீறாங்கோ" என்றார்.

நான் பேனாவை வாங்கினேன். பெயரை முழுசாக எழுதினேன். யாரைப் பார்க்க என்ற இடத்தில் இந்தத் தடவை மேற்படி போடவில்லை, 'ஏரி' என்று பெரிதாகவே எழுதினேன். பிளாட் நம்பர் இல்லை. உள்ளே, எட்டு பத்து. பக்கத்துக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டுக் கரையேறினேன்.